பழைய வெள்ளியும் ஜார்ஜ் காலத்து மரச்சாமானும்: ஏலத்தில் பணம் போகும் வழிகள்

பழைய ஆங்கிலேய வெள்ளியை ஏலத்தில் எடுப்பவர்களுக்குப் பெரிய நஷ்டம் வருவது முழுப் போலிகளால் என்று நினைப்பது வழக்கம். பெரும்பாலும் வெள்ளி நல்ல வெள்ளியாகவே இருக்கும், முத்திரையும் அசலாகவே இருக்கும். முத்திரை குத்திய நாளில் அந்தப் பாத்திரம் இந்த உருவில் இருந்ததா என்பதில்தான் சிக்கல். மரச்சாமானிலும் அப்படியே. மரம் பழையது, வேலையும் பழையது, ஆனால் மேல்பாதி ஒரு வீட்டிலிருந்தும் கீழ்ப்பாதி இன்னொரு வீட்டிலிருந்தும் வந்திருக்கும். பிரிட்டனில் நடக்கும் ஏலங்களில் நேரிலோ இணையத்திலோ கேட்பவர்கள் திரும்பத் திரும்பச் சறுக்கும் இடங்கள் இவை.

எழுத்தைப் பார்த்து ஆண்டைச் சொல்வது

லண்டனில் செய்த ஸ்டெர்லிங் வெள்ளியில், அதாவது ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி உள்ளதில், பொதுவாக நான்கு குறிகள் இருக்கும்: நடக்கும் சிங்கம், சிறுத்தைத் தலை, ஆண்டைக் குறிக்கும் எழுத்து, செய்தவரின் பெயரெழுத்துகள். 1784 முதல் 1890 வரை வரி கட்டியதற்கு அடையாளமாக அரசர் அல்லது அரசியின் தலையும் சேரும். சிறுத்தைத் தலைக்குப் பதில் நங்கூரம் இருந்தால் பர்மிங்காம், கிரீடம் இருந்தால் ஷெஃபீல்டு. இரண்டு ஊர்களுக்கும் சோதனைச் சாலை (வெள்ளியின் தரம் பார்த்து முத்திரை குத்தும் இடம்) வந்தது 1773இல்.

கைபேசியில் ஓர் அட்டவணையை வைத்துக்கொண்டு எழுத்தை மட்டும் ஒப்பிடுவதுதான் முதல் தவறு. அக்கால லண்டனில் 20 எழுத்துகள் ஒரு சுற்று. முடிந்ததும் வேறு எழுத்து வடிவத்தில் மறுபடி தொடங்குவார்கள். சிறிய 'ஏ' எழுத்து 1776க்கும் உண்டு, 1816க்கும் உண்டு. இரண்டையும் பிரித்துக் காட்டுவது அரசரின் தலை: 1776இல் அது கிடையாது, 1816இல் இருந்தே ஆக வேண்டும். நாற்பது ஆண்டு வித்தியாசம் விலையில் நன்றாகவே தெரியும். எழுத்தைச் சுற்றியுள்ள கேடயத்தின் வடிவத்தையும் பாருங்கள். சிறுத்தையின் தலையில் 1821 வரை கிரீடம் உண்டு, அதன் பிறகு இல்லை. ஒரு குறி ஓர் ஆண்டைச் சொல்லி மற்றொன்று அதை மறுத்தால், பாத்திரத்தைக் கீழே வைத்துவிடலாம்.

வரிசையாக நான்கு சின்னக் கட்டங்கள் தெரிந்தாலே வெள்ளி என்று முடிவு செய்வதும் உண்டு. 1840இல் எல்கிங்டன் நிறுவனம் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, நிக்கல் கலவையின் மேல் வெள்ளி பூசிய சாமான்கள் குவிந்தன. அவற்றில் 'இ பி என் எஸ்' என்ற நான்கு எழுத்துகளை நான்கு கேடயங்களுக்குள் பழைய எழுத்து வடிவில் குத்தியிருப்பார்கள். தூரத்திலிருந்தோ மங்கலான புகைப்படத்திலோ பார்த்தால் அசல் முத்திரை போலவே இருக்கும். சிங்கம் இருக்கிறதா என்று தேடுங்கள். அது இல்லையென்றால் ஆங்கிலேய ஸ்டெர்லிங் என்று நம்பிப் பணம் கட்டாதீர்கள். இதில் ஒரு விலக்கு உண்டு: 1697 முதல் 1720 வரை கட்டாயமாக இருந்த உயர்தர வெள்ளியில், ஆயிரத்துக்கு 958 பங்கு, சிங்கத்துக்குப் பதில் அமர்ந்த பிரிட்டானியா என்ற பெண் உருவமும் கழுத்தறுந்த சிங்கத் தலையும் இருக்கும்.

உருமாறிய பாத்திரங்கள்

18ஆம் நூற்றாண்டில் பீர் குடிக்கச் செய்த பெரிய மூடிக் குவளைகளை விக்டோரியா காலத்தில் மூக்கு வைத்து ஜாடியாக மாற்றினார்கள். சாதாரணக் கரண்டிகளின் குழிவில் பழங்களைச் செதுக்கி, உள்ளே பொன்முலாம் பூசி, பழக் கரண்டிகளாக விற்றார்கள். அக்காலத்து முள்கரண்டிகள் கரண்டிகளைவிட அரிது என்பதால், கரண்டியின் குழிவை வெட்டி முள் செய்தவர்களும் உண்டு. அப்படிச் செய்தவற்றின் முட்கள் மெலிந்து, தண்டின் கனத்தோடு பொருந்தாமல் இருக்கும்.

தனியாகச் செய்து பொருத்திய பகுதிக்கும் குறி வேண்டும் என்பதே பொது விதி. டீபாட்டின் மூடியில் குறைந்தபட்சம் சிங்கமாவது இருக்க வேண்டும். மூடியில் குறியே இல்லை, அல்லது உடலில் உள்ளதிலிருந்து வேறுபட்ட ஆண்டெழுத்து இருக்கிறது என்றால் மூடி பின்னால் வந்தது. சோதனைச் சாலைக்கு மறுபடி அனுப்பாமல் முத்திரையிட்ட பொருளில் கூட்டல், மாற்றம் செய்வது 1973ஆம் ஆண்டு முத்திரைச் சட்டப்படி குற்றம். சந்தேகத்துக்குரிய பழைய பாத்திரங்களை ஆராய லண்டன் பொற்கொல்லர் சங்கத்தில் தனிக் குழுவே இருக்கிறது. அப்படிப்பட்ட பொருளை வெளிநாட்டு ஏலம் ஒன்றில் மலிவாக எடுத்துவிட்டு, பிறகு பிரிட்டனில் விற்கலாம் என்று திட்டமிட்டால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

1720 முதல் 1758 வரை வெள்ளிக்கு அவுன்ஸுக்கு ஆறு பென்ஸ் வரி. வரியைத் தப்ப, சின்னப் பொருள் ஒன்றுக்கு முத்திரை வாங்கி, அந்தத் துண்டை வெட்டிப் பெரிய பாத்திரத்தின் அடியில் பற்றவைத்த கைவேலைக்காரர்கள் அப்போதே இருந்தார்கள். பின்னாளைய போலிக்காரர்களின் உத்தியும் இதுதான். கண்டுபிடிக்கச் செலவே இல்லாத வழி ஒன்று: முத்திரையைச் சுற்றி வாயால் ஆவி ஊதுங்கள். ஈரம் படிந்து மறைவதற்குள் பற்றுக் கோடு வட்டமாகவோ சதுரமாகவோ தெரியும். ஒரு குடும்பச் சின்னத்தை அழித்துப் புதிதாகச் செதுக்கியிருந்தாலும் இதே முறையில் பழைய கோடுகள் மேலே வரும். அழித்த இடம் மெலிந்திருக்கும். கட்டைவிரலால் மெல்ல அழுத்தினால் 'டக்' என்று உள்ளே போய் வரும்.

ஆறு கரண்டிகள் கொண்ட தொகுப்பில் எல்லாவற்றிலும் முத்திரைகள் ஒரே இடத்தில், ஒரே சாய்வில், ஒரே கீறலோடு இருந்தால் மகிழ வேண்டாம். முத்திரையை ஒவ்வொன்றாகக் கையால் அடித்தார்கள். ஆகவே கொஞ்சம் முன்பின்னாகத்தான் விழும். ஒரே அச்சாக இருப்பவை ஓர் அசல் கரண்டியை வைத்து வார்த்தவை. லென்ஸில் பார்த்தால் முத்திரைக்குள் நுண்ணிய குழிகள் தெரியும்.

எடையைக் கேட்டு வாங்குங்கள். பல பழைய தட்டுகளின் அடியில் செய்த நாளின் எடையைக் கீறி வைத்திருப்பார்கள். '24 10' என்றிருந்தால் 24 டிராய் அவுன்ஸ், 10 பென்னிவெயிட். ஒரு டிராய் அவுன்ஸ் 31.1 கிராம், அதில் 20 பென்னிவெயிட். ஆக மொத்தம் ஏறத்தாழ 762 கிராம். இன்று 735 கிராம் இருந்தால் இருநூறு ஆண்டு தேய்த்துத் துலக்கியதில் போனது என்று விட்டுவிடலாம். 640 கிராம் என்றால் எதையோ வெட்டியோ அழித்தோ இருக்கிறார்கள். 820 என்றால் எதையோ சேர்த்திருக்கிறார்கள், அது இன்னும் மோசம். மெழுகுவர்த்தித் தாங்கிகளுக்கு இந்தக் கணக்கு ஓடாது: பல, மெல்லிய தகட்டை அச்சில் அடித்து உள்ளே கீலும் (தார் போன்ற பிசின்) இரும்புக் கம்பியும் நிரப்பியவை. ஏலப் பட்டியலில் 'லோடட்' என்றிருந்தால் தராசு காட்டும் எடையை வெள்ளி விலையால் பெருக்கிவிடாதீர்கள். கத்திப் பிடிகளும் இப்படித்தான். பாத்திரம் கழுவும் எந்திரத்தில் போட்டால் உள்ளே உள்ள கீல் இளகி, பிடி பிளந்துவிடும்.

சென்னைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மவுண்ட் ரோட்டில் இருந்த பி. ஓர் அண்ட் சன்ஸ் போன்ற கடைகளின் 'சுவாமி' வேலைப்பாடு வெள்ளி, தெய்வ உருவங்கள் சுற்றி வரும் டீ செட்டுகளும் கிண்ணங்களும், லண்டன் ஏலங்களில் அடிக்கடி வருகிறது. இது கோயில் வெள்ளி என்று நினைத்துக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பியர்களுக்காகச் செய்தவை இவை. 1875–76இல் வேல்ஸ் இளவரசர் இந்தியா வந்து போனபின் இங்கிலாந்தில் மவுசு கூடியது. பிரிட்டன் போலச் சோதனைச் சாலையும் ஆண்டெழுத்தும் அன்றைய இந்தியாவில் கிடையாது. ஆகவே இதில் ஆண்டெழுத்தைத் தேடுவது வீண். செய்த கடையின் பெயர்க்குறிதான் விலையைத் தீர்மானிக்கும்.

மரச்சாமானை முன்பக்கமாக மட்டும் பார்ப்பது

முகப்பு ஏமாற்றும், பின்பலகையும் அடிப்பாகமும் அவ்வளவாக ஏமாற்றாது. இழுப்பறைகளை முழுதாக வெளியே எடுத்துத் தலைகீழாக வையுங்கள். ஏல அரங்கில் முன்பார்வை நாட்களில் இதைச் செய்ய யாரும் தடுக்க மாட்டார்கள், தடுத்தால் அதுவே ஒரு தகவல். இழுப்பறை அடிப்பலகையின் இழை ஓட்டம் முன்னிருந்து பின்னாக இருந்தால் பெரும்பாலும் 1740க்கு முந்தியது. பக்கவாட்டில் ஓடினால் பிந்தியது. மூலையில் இரு பலகைகளைக் கோக்கும் புறாவால் வடிவ இணைப்புகளைப் பாருங்கள். கையால் வெட்டியவை ஒன்றுக்கொன்று அகலம் மாறும். எந்திரத்தில் வெட்டியவை அச்சடித்தது போல ஒரே அளவு. வெளியே தெரியாத பலகைகளுக்குச் சாயம் பூச எந்த ஆசாரிக்கும் தேவை இருந்ததில்லை. இழுப்பறையின் அடியிலோ முதுகுப் பலகையிலோ கருஞ்சாயம் இருந்தால், புது மரத்தை மறைக்கிறார்கள்.

ரம்பத் தடம் நேராக இருக்க வேண்டும். வளைந்த தடம் வட்ட ரம்பத்தின் வேலை, அது பரவலானது 19ஆம் நூற்றாண்டில். திருகாணியைக் கழற்ற அனுமதித்தால், முனை மழுங்கி, தலையில் உள்ள வெட்டு நடுவை விட்டு விலகியிருந்தால் கைவேலை. கூர்முனைத் திருகாணி 1850ஐ ஒட்டித்தான் பொதுப் புழக்கத்துக்கு வந்தது. ஆனால் ஒரு திருகாணியை மட்டும் வைத்து எதையும் தள்ளிவிட வேண்டாம். கதவுக் கீல் மாற்றும்போது யாரும் புதுசு போடுவார்கள்.

மூன்று கால் வட்ட மேசையை அளந்து பாருங்கள். மரம் இழைக்குக் குறுக்கே சுருங்கும். இருநூறு ஆண்டு பழைய மேற்பலகை இழையோடு 80 செ.மீ. என்றால் குறுக்கே அதைவிடச் சற்றே குறைவாக இருக்கும். துல்லியமான வட்டம் என்றால் கேள்வி கேளுங்கள். அதன் ஓரத்தில் செதுக்கல் இருந்தால், அது பலகையின் மட்டத்துக்கு மேலே எழுந்து நிற்கிறதா என்று விரலால் தடவுங்கள். தொடக்கத்திலேயே செதுக்க நினைத்தவர் அதற்கான கனத்தை விட்டு வைத்திருப்பார். சாதா மேசையில் பின்னால் செதுக்கினால் பள்ளமாகத்தான் இறங்கும்.

மேலே புத்தக அலமாரி, கீழே எழுதுமேசை என்று இரண்டாக வரும் பெரிய சாமான்களில் 'கலப்புத் திருமணம்' சகஜம். மேல்பாதியைத் தூக்கச் சொல்லி, அது உட்காரும் இடத்தைப் பாருங்கள். அங்கே நல்ல வெனீரும் (மேலே ஒட்டும் மெல்லிய மரத்தகடு) மெருகும் இருந்தால், அந்தக் கீழ்ப்பாதி ஒரு காலத்தில் தனியாக நின்றது. மறைந்து கிடக்கும் இடத்துக்கு யாரும் விலையுயர்ந்த மஹோகனி ஒட்டுவதில்லை. இரண்டு பாதிகளின் முதுகுப் பலகைகள், பக்கவாட்டு மரத்தின் இழை ஆகியவை ஒத்துப்போக வேண்டும். கையால் அறுத்த வெனீர் இரண்டு மில்லிமீட்டர் வரை கனமிருக்கும். எந்திரத்தில் சீவியது காகிதம் போல மெல்லியது. ஓரம் பெயர்ந்த இடத்தில் இது தெரியும்.

நாற்காலித் தொகுப்பில் எண்ணிக்கை கூடக் கூட விலை மடமடவென்று ஏறும் என்பதால் ஆறைப் பிரித்து எட்டாக்குவார்கள்: ஒவ்வொன்றிலிருந்தும் ஓரிரு பழைய பகுதிகளை எடுத்துப் புதிதோடு கலப்பார்கள். இருக்கைச் சட்டத்தின் உட்புறம் உளியால் போட்ட ரோமன் எண்கள் உள்ளனவா, வரிசை சரியா என்று பாருங்கள். கை வைத்த நாற்காலி, கை இல்லாததைவிட ஐந்து செ.மீ. அளவுக்கு அகலமாக இருப்பதே வழக்கம். ஒரே அகலம் என்றால் சாதா நாற்காலிக்குப் பின்னாளில் கை பொருத்தியிருக்கலாம்.

மரத்தின் மேற்பரப்பில் பூச்சி ஓடிய கால்வாய்கள் நீளமாகத் திறந்து கிடந்தால், பழைய மரத்தை வாங்கி மறுபடி அறுத்திருக்கிறார்கள் என்று பொருள். பூச்சி வெளியே வரும்போது போடுவது சின்ன வட்டத் துளை மட்டுமே. துளையிலிருந்து புது உளு, வெளிர் தூள், கொட்டினால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது.

'சிப்பென்டேல்' என்ற பெயருக்கு மயங்குவது தனி வியாதி. லண்டனில் மரச்சாமான் பட்டறை வைத்திருந்த தாமஸ் சிப்பென்டேல் 1754இல் மரச்சாமான் வடிவங்களை அச்சிட்டு வெளியிட்டார். அதைப் பார்த்து யார் வேண்டுமானாலும் செய்தார்கள், இன்றுவரை செய்கிறார்கள். பாரிஸ் ஆசாரிகள் போலப் பெயரைக் குத்தும் வழக்கம் அவருக்கு இல்லை. அவர் பட்டறையில் செய்தது என்று உறுதியாகச் சொல்லப்படுபவை, ஹேர்வுட் ஹவுஸ் போன்ற மாளிகைகளின் பழைய ரசீதுகளோடு பொருந்துபவை.

பட்டியலும் பணமும்

பட்டியலில் 'மூன்றாம் ஜார்ஜ்' என்றால் அந்த அரசரின் காலத்தில் (1760–1820) செய்தது என்று ஏல நிறுவனம் சொல்கிறது. 'மூன்றாம் ஜார்ஜ் பாணி' என்றால் அப்படிச் சொல்லவில்லை. 'அண்ட் லேட்டர்' என்றால் ஒரு பகுதி பின்னால் சேர்ந்தது. 'ஏ.எஃப்.' என்றால் குறையோடு இருக்கிறது, கிடைத்தபடி எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் பழுதைப் பற்றிப் பேச்சே இல்லாததால் பழுதில்லை என்று ஆகிவிடாது. நிலை அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். 'நல்ல நிலையில் இருக்கிறதா?' என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாக வரும். 'கால்கள் மாற்றியவையா, மூடியில் முத்திரை உள்ளதா, பற்றவைத்த இடம் எங்கே, கைப்பிடித் துளைகள் இழுப்பறைக்குள்ளே எத்தனை ஜோடி' என்று கேளுங்கள்.

சுத்தியல் விழுந்த விலை நீங்கள் கட்டும் விலை இல்லை. 1,000 பவுண்டுக்கு எடுத்தால், வாங்குபவர் கட்டணம் 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 250, அந்தக் கட்டணத்தின் மேல் 20 சதவீத வரி 50, ஆக 1,300. இணையதளம் ஒன்றின் வழியாகக் கேட்டு, அதற்கு 5 சதவீதக் கூடுதல் கட்டணம் இருந்தால் வரியோடு மேலும் 60. பெட்டி கட்டுவது, கப்பல், காப்பீடு, சுங்கம் எல்லாம் தனி. பெரிய அலமாரிக்கு இவை சுத்தியல் விலையையே தாண்டலாம். ஆகவே உச்ச விலையை முடிவு செய்யும்போது இந்தத் தொகைகளைக் கழித்துவிட்டுக் கேளுங்கள். வென்றபின் சில நாட்களில் எடுத்துச் செல்லாவிட்டால் பல நிறுவனங்கள் நாளொன்றுக்கு இவ்வளவு என்று கிடங்கு வாடகை போடும்.

யானைத் தந்தத்தைக் கவனிக்காமல் விடுவது கடைசி நேரத்தில் வரும் அடி. வெள்ளி டீபாட்டின் கைப்பிடியில் சூடு ஏறாமலிருக்க வைத்த இரண்டு மெல்லிய வெள்ளை வளையங்கள் பல நேரம் தந்தம். விசாகப்பட்டினத்துப் பெட்டிகளிலும் எழுதுமேசைகளிலும் மேலே ஒட்டிய தகடுகளும் அதுவே. பிரிட்டனில் தந்த விற்பனையைப் பெரும்பாலும் தடுக்கும் தந்தச் சட்டம் 2022 ஜூன் 6 முதல் நடைமுறையில் உள்ளது. 1947க்கு முன் செய்து, தந்தம் மொத்தக் கன அளவில் 10 சதவீதத்துக்கும் குறைவாக உள்ள பொருளைப் பதிவு செய்து விற்கலாம்; வேறு சில குறுகிய விலக்குகளும் உண்டு. டீபாட் வளையம் அதற்குள் அடங்கும்; தந்தத் தகடு மூடிய பெட்டி சாதாரணமாக அடங்காது. அங்கே விற்கலாம் என்பதால் இங்கே கொண்டுவரலாம் என்று ஆகாது: 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் தந்த வணிகத்துக்குத் தடை இருக்கிறது. வளையம் தந்தமா எலும்பா மரமா என்று ஏலத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள். கேட்க மறந்து வென்றுவிட்டால், அந்த டீபாட்டை வெள்ளிப் பொருளாக மட்டும் காட்டி அனுப்ப முயலாமல், லண்டனிலேயே மறுபடி ஏலத்துக்குக் கொடுப்பதுதான் வழி.