ஹவுராவில் இறங்கியதும் டாக்ஸி தேடாதீர்கள்

சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்கு ரயிலில் சுமார் 1,660 கிலோமீட்டர். ஆற்றுக்கு இக்கரையில் உள்ள ஹவுரா ஸ்டேஷனில் இறங்கும்போது கால் வீங்கி, தலை கிறுகிறுத்து, பெட்டி இரு மடங்கு கனக்கும். அன்று பகல் முழுக்க ஊர் சுற்றிவிட்டு ராத்திரிதான் அறைக்குப் போவீர்கள் என்றால், முதலில் பெட்டியை ஸ்டேஷன் க்ளோக் ரூமில் போடுங்கள். பூட்டு இல்லாத பையை வாங்க மாட்டார்கள். ரயில் டிக்கெட்டும் கேட்பார்கள். ஊரிலிருந்தே சின்னப் பூட்டு ஒன்றை எடுத்துப் போவது நல்லது. நான் பிளாட்பாரக் கடையில் அநியாய விலைக்கு வாங்கினேன்!

அப்புறம் நேரே எதிரே உள்ள படகுத்துறைக்கு நடங்கள். சில ரூபாய் டிக்கெட்டில் ஹூக்ளி ஆற்றைக் கடந்து அக்கரையில் பாபுகாட் படகுத்துறைக்குப் போய்விடலாம். 1943-இல் திறந்த ஹவுரா பாலத்தை முழுசாகப் பார்க்கத் தண்ணீரில் இருப்பதுதான் சரி. டாக்ஸியில் போய்ப் பாலத்துக்குள் மாட்டிக்கொண்டால் முன்னால் போகும் பஸ்ஸின் முதுகுதான் தெரியும். அவசரம் என்றால் ஆற்றுக்கு அடியில் 2024 முதல் மெட்ரோ ஓடுகிறது, ஆனால் அதில் ஆற்றுக் காற்று கிடையாது.

பூ பிடிக்குமென்றால் பாலத்தை நடந்தே கடந்து, அக்கரையில் மல்லிக் காட் பூச்சந்தைக்கு இறங்குங்கள். தலையில் செவ்வந்தி மாலைக் கூடையோடு வருபவர் நிற்க மாட்டார், நாம்தான் ஒதுங்கவேண்டும். தரை எப்போதும் ஈரம், செருப்பு வழுக்கும். ஓரமாக நின்று மண் குவளையில் ஒரு டீ குடியுங்கள்.