லினக்ஸில் கேம் ஆட வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்துபோனது. நன்றாக ஓடும் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட மனமில்லாமல் லினக்ஸ் பக்கம் வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, கேம் ஓடுமா என்பதுதான். ஓடும். 2018இல் வால்வ் நிறுவனம், கேம் விற்கும் தன் ஸ்டீம் செயலிக்குள்ளேயே, விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட வைக்கும் புரோட்டானைக் கொண்டுவந்த பிறகு, விண்டோஸுக்காக எழுதிய கேம்களில் பெரும்பாலானவை இன்ஸ்டால் பட்டனை அழுத்தினாலே ஓடும் நிலைக்கு வந்துவிட்டன. 2022இல் வந்த வால்வின் கையடக்கக் கேம் கருவியான ஸ்டீம் டெக்கே லினக்ஸில்தான் ஓடுகிறது. அப்படியும் வந்த வேகத்தில் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே மாதிரி கதைதான் வரும்: விண்டோஸில் பழகிய கை சும்மா இருக்காமல், தேவையில்லாத எதையோ இறக்கி, எதையோ மாற்றி வைத்திருக்கும்.

ஒரு தவறு மட்டும் லினக்ஸைப் போடுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. தினமும் ஆடும் கேமில் என்ன ஆன்டி-சீட் (ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் மென்பொருள்) இருக்கிறது என்று பார்க்காமலே மாறிவிடுவது. வேலரன்ட் ஓடாது, ஏனென்றால் அதன் ஆன்டி-சீட்டான வான்கார்ட், விண்டோஸின் மையப் பகுதியான கர்னலுக்குள் போய் உட்காரும் மென்பொருள், அந்த இடம் புரோட்டானுக்கு எட்டாது. ஃபோர்ட்நைட்டும் ஓடாது. ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்ற வேறு இரண்டு ஆன்டி-சீட்களும் 2021இலேயே புரோட்டானுக்கு வழிவிட்டன, ஆனால் அந்த வழியைத் திறந்து வைப்பதா வேண்டாமா என்பது அந்தந்த கேம் கம்பெனியின் விருப்பம், திறந்ததை மூடவும் அவர்களால் முடியும். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் பல நாள் லினக்ஸில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, 2024 அக்டோபர் கடைசியில் லினக்ஸ் ஆட்களை மொத்தமாக வெளியே அனுப்பிவிட்டார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் ஜிடிஏ ஆன்லைனில் பேட்டில்ஐ வந்து அதுவும் போனது. ஆகவே நண்பர்களோடு ஆன்லைனில் ஆடும் ஒரு கேம்தான் உங்கள் உலகம் என்றால், விண்டோஸைத் தனி டிஸ்கில் விட்டுவைப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. எந்த கேம் லினக்ஸில் எப்படி ஓடுகிறது என்று ஆடுகிறவர்களே எழுதும் புரோட்டான்டிபி தளத்தைப் பார்ப்பதும் நல்லதுதான், ஆனால் அங்கே இருக்கும் தங்கம், பிளாட்டினம் பதக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடக் கூடாது. உங்கள் கிராபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்கள் சமீபத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கீழே இறங்கிப் படியுங்கள்.

அடுத்தது கிராபிக்ஸ் கார்டை இயக்கும் டிரைவர். அதிகம் பேர் விழும் பள்ளம் இதுதான். என்விடியா கார்டு இருக்கிறது, லினக்ஸ் போட்டாயிற்று, உடனே பிரவுசரைத் திறந்து என்விடியா தளத்துக்குப் போய் டிரைவரை இறக்கி ஓட்டுவது. அன்றைக்கு வேலை செய்யும், அதுதான் சிக்கலே. இப்படி வெளியிலிருந்து போட்ட கோப்புகளை டிஸ்ட்ரோவின் (நீங்கள் போட்டிருக்கும் லினக்ஸ் வகையின்) பேக்கேஜ் மேனேஜருக்கு, அதாவது மென்பொருள்களை நிறுவி அப்டேட் செய்யும் கருவிக்கு, தெரியாது. பிறகு ஒருநாள் கர்னல் அப்டேட் வரும், டிரைவர் புதுக் கர்னலோடு ஒட்டாது, ரீபூட் செய்தால் கறுப்புத் திரை. அதைப் பார்த்துவிட்டு "அப்டேட் செய்தால் லினக்ஸ் உடைந்துவிடும்" என்று ஊர் முழுக்கச் சொல்வார்கள். உபுண்டுவிலும் மின்ட்டிலும் டிரைவரைத் தேர்ந்தெடுக்கவே தனி ஜன்னல் இருக்கிறது, ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற மென்பொருள் களஞ்சியம் இருக்கிறது, கேமுக்கென்றே உள்ள பஸைட் போன்றவற்றில் என்விடியாவுக்கென்றே தனி இன்ஸ்டால் இமேஜ் கிடைக்கிறது. அங்கிருந்து எடுங்கள். ஆர்டிஎக்ஸ் 50 வரிசை கார்டு என்றால் ஓப்பன் கர்னல் மாட்யூல் (கர்னலுக்குள் ஓடும் டிரைவர் பகுதி, திறந்த மூலம்) உள்ள பேக்கேஜைத்தான் எடுக்க வேண்டும், பழைய மூடிய மாட்யூல் அதில் வேலையே செய்யாது.

இதிலேயே இன்னொரு கண்ணி, கையெழுத்திடாத மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட். டிரைவர் நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும், ரீபூட் ஆனதும் ஒரு நீலத் திரை வந்து டிரைவரின் கையெழுத்துச் சாவியைப் பதிவு செய்யலாமா என்று கேட்கும். ஏதோ பிழை என்று நினைத்து நிறையப் பேர் எண்டரைத் தட்டிக் கடந்துவிடுகிறார்கள். அதன் பிறகு டிரைவர் லோட் ஆகாது, டெஸ்க்டாப் எப்படியோ வந்துவிடும், கேம் மட்டும் படம் படமாக நகரும். இரண்டு நாள் கழித்து "லினக்ஸில் பெர்ஃபார்மன்ஸ் மோசம்" என்று புலம்பல் வரும். கார்டு வேலையே செய்யவில்லை ஐயா, அதை முதலில் பாருங்கள்.

ஏஎம்டி கார்டுக்காரர்கள் செய்வது வேறு. டிரைவர் கர்னலிலும் மேசா என்ற கிராபிக்ஸ் மென்பொருளிலும் ஏற்கெனவே இருக்கிறது, கேம் ஆட வெளியிலிருந்து எதையும் போட வேண்டியதில்லை. ஆனாலும் போய் எதையாவது இறக்கிப் போடுவார்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதைதான். ஏஎம்டியில் முக்கியம் இவை எவ்வளவு புதியவை என்பது: கர்னல், மேசா, கார்டுக்குள் ஏற்றப்படும் ஃபர்ம்வேர் மூன்றும் கார்டு வெளிவந்த பிறகு வந்தவையாக இருக்க வேண்டும். போன மாதம் சந்தைக்கு வந்த கார்டை மாட்டிவிட்டு டெபியன் ஸ்டேபிள் போட்டால் படம் வராமல் போவதற்கு டெபியனைக் குறை சொல்ல முடியாது, அது வேகத்துக்காகச் செய்யப்பட்டதே இல்லை. புது ஹார்டுவேருக்கு ஃபெடோரா, ஆர்ச் வகை. மூன்று நான்கு வருடம் பழைய ஹார்டுவேர் என்றால் எதைப் போட்டாலும் சரி, டிஸ்ட்ரோ மாற்றி மாற்றிப் போடுவதில் வாரக்கணக்கை வீணாக்க வேண்டாம்.

விண்டோஸும் லினக்ஸும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு வரும் ஆசை ஒன்று உண்டு. "ஏற்கெனவே விண்டோஸ் டிரைவில் முந்நூறு ஜிபி கேம் கிடக்கிறதே, அதையே லினக்ஸ் ஸ்டீமுக்கும் காட்டிவிட்டால் என்ன?" காட்டலாம், சில கேம் ஓடவும் ஓடும். ஆனால் புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு பொய்யான சி டிரைவ் உருவாக்குகிறது, அதில் விண்டோஸ் ஏற்காத முக்காற்புள்ளியோடு (:) கோப்புப் பெயர்கள் வரும், விண்டோஸ் டிரைவின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ்ஸில் அவை போய் உட்கார்ந்தால் விண்டோஸ் அடுத்த முறை டிஸ்கைச் சோதிக்கும்போது அதைக் கோளாறு என்று எடுத்துக்கொள்ளும். இது போதாதென்று விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். ஷட்டவுன் செய்ததாக நீங்கள் நினைப்பீர்கள், அது பாதி தூக்கத்தில் இருக்கும், லினக்ஸோ அந்த டிரைவைப் படிக்க மட்டும் திறந்து எழுத விடாது. கேம் ஏன் திறக்கவில்லை என்று மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். லினக்ஸ் கேம்களுக்கு இஎக்ஸ்டி4 அல்லது பிடிஆர்எஃப்எஸ் என்ற லினக்ஸ் கோப்பு முறையில் தனி பார்ட்டிஷன் கொடுத்து, கேம் ஃபோல்டரை அங்கே காப்பி செய்துவிட்டு ஸ்டீமில் இன்ஸ்டால் கொடுத்தால் இருப்பதைச் சரிபார்த்து எடுத்துக்கொள்ளும். முழுக்க மறுபடி இறக்க வேண்டியதில்லை.

அந்தப் பொய் சி டிரைவ் பற்றி இன்னும் கொஞ்சம். கேம் திறக்கவில்லை என்றால் "கம்பாட்டேட்டா ஃபோல்டரை அழித்துவிடு" என்று யாராவது சொல்வார்கள். அந்த டிரைவ் இருக்கும் இடம் அதுதான். யோசனை தவறில்லை, பல நேரம் சரியாகவும் ஆகிவிடும். ஆனால் நிறைய கேம்கள் சேவ் கோப்புகளை டாக்குமென்ட்ஸ், ஆப்டேட்டா என்று அந்த டிரைவுக்குள்தான் வைக்கின்றன. சேவ் கோப்புகளை இணையத்தில் வைத்துக்கொள்ளும் ஸ்டீம் கிளவுட் இல்லாத கேம் என்றால் அறுபது மணி நேர ஆட்டம் ஒரே அழுத்தில் காலி. கம்பாட்டேட்டாவுக்குள் அந்த கேமின் எண்ணைப் பெயராகக் கொண்ட ஃபோல்டரை அழிக்காதீர்கள், பெயரை மாற்றி வையுங்கள். கேம் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும், பழையதிலிருந்து சேவ் கோப்புகளை எடுத்து வைத்துக்கொள்ளலாம். லினக்ஸுக்கென்றே வந்த கேமை நடுவில் புரோட்டானுக்கு மாற்றினாலும் இதே கதை, சேவ் வேறு இடத்தில் இருக்கும். அப்படி மாற்ற வேண்டிய தேவையும் வரும், பராமரிப்பு இல்லாத லினக்ஸ் பதிப்பைவிட புரோட்டானில் ஓடும் விண்டோஸ் பதிப்பு நன்றாக இருப்பது சாதாரணம்.

கேமோடு கூடுதல் கட்டளைகளைச் சேர்க்க ஸ்டீமில் இருக்கும் லாஞ்ச் ஆப்ஷன் பெட்டியில் எங்கிருந்தோ எடுத்த நீண்ட வரியை ஒட்டுவது இன்னொரு வியாதி. அதில் பாதி, பல வருடம் முன்பு யாரோ வேறு கார்டுக்காக எழுதியது. விண்டோஸ் கேமின் கிராபிக்ஸ் கட்டளைகளை லினக்ஸுக்கு மொழிபெயர்க்கும் டிஎக்ஸ்விகேவுக்கு அசிங்க் என்ற அமைப்பை இன்றும் போடச் சொல்கிறார்கள். 2022இல் வந்த டிஎக்ஸ்விகே 2.0 கிராபிக்ஸ் பைப்லைன் லைப்ரரி என்ற வசதியைப் பயன்படுத்தத் தொடங்கியபின், அதை ஆதரிக்கும் டிரைவரில் அசிங்க்குக்குப் பெரிதாக வேலை இல்லை. கேம் ஓடாவிட்டால் முதலில் அந்தப் பெட்டியைக் காலி செய்யுங்கள். அப்புறம் வால்வின் சோதனைப் பதிப்பான புரோட்டான் எக்ஸ்பெரிமென்டல். அதிலும் நடக்காவிட்டால்தான் வெளியார் மாற்றியமைத்த ஜிஇ-புரோட்டான், எடுத்த எடுப்பில் அது எதற்கு?

கட்டளை அடிக்கும் ஜன்னலான டெர்மினல் சொல்வதைப் படிக்காமல் ஒப்புக்கொள்வதும் உண்டு. 2021இல் பிரபல யூடியூபர் ஒருவர் பாப் ஓஎஸ் என்ற டிஸ்ட்ரோவில் ஸ்டீமை நிறுவப் போய், டெஸ்க்டாப்பையே நீக்கிவிட்டதைப் பார்க்காதவர்கள் குறைவு. பேக்கேஜில் பிழை இருந்தது உண்மை. ஆனால் முக்கியமானவற்றை நீக்கப்போகிறேன், உறுதியென்றால் ஒரு முழு வாக்கியத்தைத் தட்டச்சு செய் என்று அது கேட்டது, அவரும் தட்டினார். எதையாவது நிறுவும்போது நீக்கும் பட்டியல் நீளமாக வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வாருங்கள், அவ்வளவுதான்.

லேப்டாப்பில் இரண்டு கார்டு இருந்தால் கேம் எதில் ஓடுகிறது என்று கார்டின் வேலையைத் திரையில் காட்டும் மேங்கோஹட் போட்டுப் பாருங்கள். டெஸ்க்டாப்பில் மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகிவிட்டு கார்டைத் திட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், இது விண்டோஸிலும் நடப்பதுதான்.

பொருள் வாங்கும்போது இரண்டைக் கவனியுங்கள். ஏஎம்டி கார்டை 4கே டிவியில் 120 ஹெர்ட்ஸில் ஓட்ட ஆசை இருந்தால் நிதானிக்க வேண்டும்; திறந்த மூல டிரைவரில் அதற்குத் தேவையான எச்டிஎம்ஐ 2.1 சேர்க்க ஏஎம்டி கேட்டதை, அந்தத் தரத்தை வகுக்கும் எச்டிஎம்ஐ ஃபோரம் 2024 பிப்ரவரியில் மறுத்துவிட்டது, டிஸ்ப்ளேபோர்ட் உள்ள மானிட்டரில் இந்தத் தலைவலி இல்லை. யுஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்கும்போது பெட்டியில் "லினக்ஸ் ஆதரவு" என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். டிரைவர் கர்னலிலேயே இருக்கும் சிப்செட்டா என்று பாருங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு கர்னல் அப்டேட்டுக்கும் அதோடு மல்லுக்கட்ட வேண்டும்.

கன்ட்ரோலர்களில் பெரிய தொல்லை இல்லை. பிளேஸ்டேஷன் 5இன் டூயல்சென்ஸுக்கு சோனியே எழுதிக் கொடுத்த டிரைவர் 2021 முதல் கர்னலில் இருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் கேபிளில் செருகினால் ஓடும், அதன் வயர்லெஸ் டாங்கிளுக்கு மட்டும் எக்ஸோன் என்று தனியாக ஒரு டிரைவர் போட வேண்டும். ஆனால் விண்டோஸை அழிப்பதற்கு முன் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரின் ஃபர்ம்வேரை அங்கேயே அப்டேட் செய்துவிடுங்கள், ப்ளூடூத் அறுந்து அறுந்து போவதற்குப் பழைய ஃபர்ம்வேர் காரணமாக இருப்பது உண்டு. மவுஸில் சொந்த மெமரி இருந்தால் டிபிஐ, பட்டன் அமைப்புகளையும் அப்போதே அதில் சேமித்துவிடலாம், கம்பெனியின் மென்பொருள் லினக்ஸுக்கு வராவிட்டாலும் அமைப்புகள் மவுஸோடு வந்துவிடும்.