சின்னப் பல்கலைக்கழகத்துக்கு வெளிநாடு போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்று யாரோ சொல்லக் கேட்டிருப்பார்கள். அதை நம்பி பிரெமனில் உள்ள கன்ஸ்ட்ரக்டர் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்துவிடுவார்கள். இடம் கிடைத்த பிறகுதான் ஃபீஸ் விவரத்தைப் பார்த்துக் கலங்கிப்போய் என்னிடம் பேசுவார்கள். இப்படி எத்தனையோ தம்பி தங்கைகளைப் பார்த்துவிட்டேன். நானும் அங்கேதான் படித்தேன் என்பதால், போகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதை எழுதுகிறேன்.

முதலில் பணத்தைப் பேசிவிடுவோம். இலவசம் என்பது பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களுக்குப் பொருந்தும். அங்கே செமஸ்டருக்குச் சில நூறு யூரோ கட்டினால் போதும். கன்ஸ்ட்ரக்டர் தனியார் பல்கலைக்கழகம். 2001இல் இன்டர்நேஷனல் யூனிவர்சிட்டி பிரெமன் என்ற பெயரில் பாடம் தொடங்கியது. பிறகு யாகோப்ஸ் அறக்கட்டளை 20 கோடி யூரோ தர முன்வந்ததால் 2007இல் யாகோப்ஸ் பல்கலைக்கழகம் ஆனது. இப்போதுள்ள பெயர் அதற்கும் பிறகு வந்தது. கல்விக் கட்டணமே ஆண்டுக்கு 20,000 யூரோவை ஒட்டி வரும். உதவித்தொகையாக ஒரு பகுதியைக் கழிப்பார்கள். ஆனால் அந்தக் கழிவு எத்தனை ஆண்டுக்கு, எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் நின்றுவிடும் என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே படித்துவிடுங்கள்.

விசாவுக்காக பிளாக்ட் அக்கவுண்டில் (மாதாமாதம் ஒரு பகுதியை மட்டும் எடுக்க விடுகிற வங்கிக் கணக்கில்) போடுகிற பணத்தையும் ஃபீஸ் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. 2024 செப்டம்பரிலிருந்து அது ஆண்டுக்கு 11,904 யூரோ. மாதம் 992 யூரோவாகத்தான் கைக்கு வரும். அது சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் சரியாகப் போய்விடும். பார்ட் டைம் வேலை பார்த்து ஃபீஸ் கட்டிவிடலாம் என்ற கணக்கும் ஒத்துவராது. வெளிநாட்டு மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யச் சட்டம் இடம் தருகிறது. அத்தனை நாளும் வேலைக்குப் போனால் படிப்பது எப்போது?

சரி, உள்ளே போவோம். பிரெமனின் வடக்கு மூலையில் குரோன் என்ற பகுதியில், பழைய ராணுவக் குடியிருப்பு இருந்த இடத்தில்தான் இந்த வளாகம் இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து மாணவர்கள் வருகிறார்கள், ஆனால் மொத்தமே இரண்டாயிரம் பேரை ஒட்டித்தான். நம்மூரில் ஒரு பெரிய பொறியியல் கல்லூரியின் ஒரே பேட்ச் அளவு. இந்த அளவு தருகிற பெரிய வசதியும் அதுதான், பெரிய நெருக்கடியும் அதுதான்: அங்கே யாரும் ஒளிந்துகொள்ள முடியாது. நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை ஒளிந்துகொள்ளப் பார்த்ததால் வந்தவை.

அறுபது பேர் இருக்கும் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பரீட்சைக்கு ஒரு வாரம் முன்னால் சீனியரின் நோட்டை வாங்கிப் படித்துத் தேறிவிடுகிற பழக்கம் நமக்கு உண்டு. பதினைந்து பேர் இருக்கும் வகுப்பில் அது நடக்காது. 5 கிரெடிட் பாடம் என்றால் 125 மணி நேர உழைப்பு என்று கணக்கு. வகுப்பில் உட்காரும் நேரம் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, மீதி முழுவதும் நாமாகப் படிக்க வேண்டியது. முதல் செமஸ்டரில் லீனியர் அல்ஜீப்ரா என்ற கணிதப் பாடம் மூன்றாவது வாரமே என் கையை விட்டுப் போய்விட்டது. ஆறு வாரம் யாரிடமும் சொல்லாமல் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். சாரிடம் போய்ப் புரியவில்லை என்று சொன்னால் மரியாதைக் குறைவோ என்ற நினைப்பு வேறு.

கடைசியில் ஒருநாள் ஆபீஸ் ஹவரில், அதாவது மாணவர்கள் வந்து சந்தேகம் கேட்பதற்காகப் பேராசிரியர் ஒதுக்கி வைக்கும் நேரத்தில், போய்க் கதவருகே நின்றேன். பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டார். என் நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து திருப்பி, "எந்த வரி வரைக்கும் உனக்குச் சந்தேகமே இல்லை?" என்று கேட்டார். நான் விரல் வைத்த இடம் இரண்டாவது வாரப் பாடம். திட்டவில்லை. பென்சிலை எடுத்து அங்கிருந்தே தொடங்கினார், நாற்பது நிமிடம். அந்தக் கதவு முதல் வாரத்திலிருந்தே திறந்துதான் இருந்தது. சின்னப் பல்கலைக்கழகத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பதே அந்த நாற்பது நிமிடத்துக்காகத்தான் என்று இன்றும் நினைக்கிறேன். அதைப் பயன்படுத்தாமல் இருப்பதைவிடப் பெரிய நஷ்டம் இல்லை.

இன்னொன்று, இங்கே அரியர் என்றால் அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்ளலாம் என்ற நிம்மதி நமக்கு இருக்கும். சின்ன இடத்தில் ஆசிரியர்கள் குறைவு, பல பாடங்கள் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும். தவறவிட்டால் ஒரு வருடம் காத்திருக்க நேரும். விசா, ஃபீஸ் எல்லாம் அதோடு சேர்ந்து நீளும். அதனால் மூன்று வருடத்துக்கான பாடத் திட்டத்தை முதல் மாதமே ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிடுங்கள்.

காப்பியடிக்கும் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். நண்பனின் ரெக்கார்ட் நோட்டைப் பார்த்து எழுதுவதை நம்மூரில் உதவி என்கிறோம். அங்கே அது குற்றம். கொடுத்தவரும் மாட்டுவார், எழுதியவரும் மாட்டுவார். சேர்ந்து உட்கார்ந்து பேசுங்கள், புரிந்துகொள்ளுங்கள். எழுதும்போது தனியாகப் போய் எழுதுங்கள்.

மதிப்பெண் தலைகீழாக இருக்கும். 1.0 தான் உச்சம், 4.0 தேர்ச்சி, 5.0 ஃபெயில். வீட்டுக்கு இதை முன்பே சொல்லி வையுங்கள்.

அடுத்தது சாப்பாட்டு மேசை. வளாகத்துக்குள் க்ருப், மெர்காட்டர், காலேஜ் த்ரீ, நார்ட்மெட்டால் என்று நான்கு விடுதிகள். வந்த முதல் வாரம் யாருக்கும் யாரையும் தெரியாது, எந்த மேசையிலும் உட்காரலாம். ஒரு மாதத்துக்குள் மேசைகள் உறைந்துவிடும். இந்திய மேசை, அல்பேனிய மேசை, நேபாள மேசை என்று ஆகிவிடும். நம் ஆட்களோடு உட்காருவதில் தப்பே இல்லை. ஆனால் மூன்று வேளையும் அங்கேயே என்றால், நூறு நாட்டுப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் ஆறு பேரோடு மட்டும் பேசிவிட்டுத் திரும்புவோம். இரவுச் சாப்பாடு நம்மவர்களோடு, மதியம் வேறு யாரோடாவது என்று நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். என் ரூம்மேட் ஜார்ஜியா நாட்டின் தலைநகர் திபிலிசியிலிருந்து வந்தவன். வால்நட்டை அரைத்து அவன் செய்கிற கத்தரிக்காய்க்கும் நம் எண்ணெய்க் கத்தரிக்காய்க்கும் எது மேல் என்ற வாதம் மூன்று வருடம் முடியவே இல்லை.

சமையல் என்றதும் தாளிப்பைச் சொல்லாமல் விட முடியாது. டிசம்பர் இரவு ஒன்பது மணி, பூஜ்யத்துக்குக் கீழே குளிர். காய்ந்த எண்ணெயில் கடுகும் மிளகாய் வற்றலும் விழுந்த அரை நிமிடத்தில் அலாரம் அலறியது. முழுக் கட்டடமும் செருப்போடு வெளியே வந்து நின்றது, மறுநாள் பரீட்சை இருந்தவர்களும் சேர்த்து. நெடி தாங்காமல் சமையலறைக் கதவைத் திறந்து புகையை நடைபாதைக்கு விட்டதுதான் நாங்கள் செய்த தவறு. கதவை மூடி வைத்து, ஜன்னலைத் திறந்து, அடுப்பை நடுத்தரத்தில் வைத்து, வாணலிக்கு மூடி போட்டுத் தாளியுங்கள்.

பாடம் முழுக்க ஆங்கிலத்தில் நடப்பதால் ஜெர்மன் எதற்கு என்று விட்டுவிடுவது இன்னொரு பெரிய தவறு. வளாகத்துக்குள் அது இல்லாமலே மூன்று வருடம் ஓடிவிடும். டிகிரி முடித்தபின் வேலை தேட 18 மாதம் வரை தங்க அனுமதி கிடைக்கும், அப்போதுதான் விழித்துக்கொள்வார்கள். முதல் நாளிலிருந்தே தொடங்குங்கள். பக்கத்தில் உள்ள ஃபேகெசாக் பேக்கரியில் ரொட்டி வாங்குவதில் ஆரம்பிக்கலாம். நான் திக்கித் திணறிக் கேட்டபோது கடைக்கார அம்மா ஆங்கிலத்துக்கு மாறினார். "ஜெர்மனிலேயே சொல்லுங்கள், கற்றுக்கொள்கிறேன்" என்றதும் ஒவ்வொரு ரொட்டியாகக் காட்டிப் பெயர் சொல்லிக் கொடுத்தார்.

வளாகத்தை விட்டு வெளியே போவதற்கு வேறு காரணமும் உண்டு. டிசம்பரில் நான்கு மணி தாண்டியதும் இருட்டிவிடும். காலை எட்டரைக்குத்தான் விடியும். அறை, வகுப்பு, மெஸ் என்று இருநூறு மீட்டருக்குள் சுற்றினால் மனம் சோர்ந்துபோகும். பகலில் அரைமணி நேரமாவது லெசும் ஆற்றங்கரையில் நடங்கள். ஊர் நினைப்பு அதிகமானால் ஒருநாள் ரயில் ஏறி ஹாம் நகருக்குப் போய் வாருங்கள். ஈழத்துத் தமிழர்கள் எழுப்பி 2002இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்மன் கோயில் அங்கே கோபுரத்தோடு நிற்கிறது.

கடைசியாக வீடு. கடன் வாங்கி அனுப்பியவர்களிடம் தோல்வியைச் சொல்ல வாய் வராது. அந்த லீனியர் அல்ஜீப்ராவில் நான் ஃபெயிலானேன். ஆபீஸ் ஹவருக்குப் போனது தாமதம், பாதிப் பாடத்தைத்தான் பிடிக்க முடிந்தது. அம்மா வீடியோ காலில் "சாப்பிட்டியா, எல்லாம் நல்லா போகுதா" என்று கேட்டபோதெல்லாம் "ம்" என்றேன். இரண்டு வாரம் சரியாகத் தூங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "மறுபடி எப்ப எழுதணும்?"

தேதியைச் சொன்னேன். காலண்டரில் குறித்துக்கொள்ளும் சத்தம் போனில் கேட்டது.