முதல் கருவிலிருந்து அச்சு வரை: பெங்களூரில் தமிழ்க் கதை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் உட்கார்ந்து தமிழில் எழுதுகிறவர்களுக்கு விஷயப் பஞ்சமே கிடையாது. அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராம்புரம், விவேக்நகர், கொஞ்சம் தள்ளிப் போனால் கேஜிஎஃப் என்கிற கோலார் தங்கவயல். ஆனாலும் எத்தனையோ கைப்பிரதிகள் பாதியில் நிற்கின்றன. முடிந்தவற்றிலும் பல, புத்தகமாகும்போது பிழையோடு வெளிவருகின்றன. பெரும்பாலும் இதற்குக் காரணம் வேலை வரிசை குழம்புவதுதான். முதல் வரைவிலேயே ஒற்றுப்பிழை பார்ப்பார்கள். கதை முடியும் முன்பே அட்டைப்படம் பேசுவார்கள். அச்சுக்கு முந்தைய மெய்ப்பை (புரூஃப்) திருத்தும் நேரத்தில் அத்தியாயத்தை மாற்றி எழுதுவார்கள்.

கருவைக் கதை என்று நம்புவது

கோலார் தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டது. இது செய்தி, ஆழமான பின்னணி, ஆனால் இன்னும் கதை ஆகவில்லை. ‘அதை வைத்து ஒரு நாவல்’ என்று மட்டும் முடிவு செய்து உட்காருபவர், வரலாற்றை எழுதி முடித்ததும் ஐம்பதாவது பக்கத்தில் நின்றுவிடுவார்.

கதைக்கு ஓர் ஆள் வேண்டும். அவருக்கு ஏதோ ஒன்று தேவைப்பட வேண்டும், அதற்குக் குறுக்கே ஒன்று நிற்க வேண்டும். சுரங்கக் குடியிருப்பைக் காலி செய்ய மறுக்கிறார் ஓய்வுபெற்ற ஒரு தொழிலாளி. அவருடைய மகள் மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறாள். அவள் அப்பாவிடம் சொல்லாமலே கே.ஆர். புரத்தில் வீடு பார்த்து அட்வான்ஸும் கொடுத்துவிட்டாள். இப்போது எழுத உட்காரலாம். யாருக்கு என்ன வேண்டும், கிடைக்காவிட்டால் எதை இழப்பார் என்று இரண்டு வாக்கியத்தில் எழுத வராதவரை முதல் பக்கத்தைத் தொடங்காதீர்கள்.

அளவையும் அப்போதே தீர்மானித்துவிடுங்கள். ஒரு முடிவு, ஒரு நாள், இரண்டு மூன்று பேர் என்றால் சிறுகதை, 2,000 முதல் 3,000 சொற்களில் அடங்கும். மூன்று தலைமுறையை அதற்குள் திணித்தால் சுருக்கம் எழுதியதாகத்தான் படும்.

முதல் அத்தியாயத்தைத் தேய்ப்பது

நாவல் நின்றுபோவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை. தினமும் உட்கார்ந்ததும் நேற்று எழுதியதைத் திருத்தத் தொடங்கினால் முதல் அத்தியாயம் பளபளக்கும், மூன்றாவது அத்தியாயம் பிறக்காது. கடைசி அத்தியாயம் என்னவென்று தெரியாமல் முதல் அத்தியாயத்தை முடிக்கவே முடியாது என்பது இன்னொரு விஷயம். கதை முடிந்தபின் தொடக்கம் எப்படியும் மாறும்.

ஒரு நாளைக்கு 500 சொல், வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்துக்கொண்டால் இருபது வாரத்தில் 50,000 சொல் சேரும். அலுவலகம் போய் வருகிறவர்களுக்கும் இது முடிகிற கணக்கு. சில்க்போர்டு நெரிசல் தின்றுவிட்ட மாலையை நம்பாமல், காலையில் கிளம்புவதற்கு முன் முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். தகவல் தெரியாத இடம் வந்தால் இணையத்துக்கு ஓடாதீர்கள். அந்த இடத்தில் ### என்று போட்டுவிட்டு மேலே போங்கள். வரைவு முடிந்ததும் அந்தக் குறியைத் தேடி ஒரே மூச்சில் நிரப்பலாம்.

தட்டச்சு முதல் நாளிலிருந்தே யூனிகோடில் இருக்கட்டும். பழைய பாமினி மாதிரி எழுத்துருவில் அடித்த கோப்பை இன்னொரு கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும்.

பாத்திரங்களைத் தகவல் சொல்ல வைப்பது

இரண்டு பேருக்கும் ஏற்கெனவே தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது வாசகரை உடனே வெளியே தள்ளும். இப்படி:

“அண்ணா, 1991-இல் நடந்த காவிரிக் கலவரத்தில் நம் அப்பாவின் மளிகைக் கடையை எரித்துவிட்டார்கள் அல்லவா? அதன் பிறகுதானே நாம் இந்தத் தெருவுக்கு வந்தோம்?”

எந்தத் தம்பியும் அண்ணனிடம் இப்படிப் பேச மாட்டான். இதே விஷயத்தை 2016 செப்டம்பர் 12-ஆம் தேதி, மறுபடி காவிரிப் பிரச்சினையில் ஊரில் பஸ்கள் எரிந்த அந்த மத்தியானத்தில் வைத்துப் பாருங்கள்:

அண்ணன் ஷட்டரை முக்கால்வாசி இறக்கினான். “அந்தம்மாவுக்குப் பால் பாக்கெட் குடுத்துட்டு லைட்ட அணைச்சிடு.”
“மணி நாலுகூட ஆவலண்ணா. நம்ம ரோட்ல ஒண்ணும் இல்ல.”
“அப்பாவும் இதேதான் சொன்னாரு.”

கடை எரிந்ததை யாரும் சொல்லவில்லை, ஆனாலும் வாசகருக்கு விஷயம் போய்விட்டது. ஆண்டும் சம்பவமும் தேவைப்பட்டால் நான்கு பக்கம் தள்ளி வரட்டும்.

பேச்சு மொழியில் இன்னொரு தவறு, எல்லாரையும் சினிமாவில் கேட்ட சென்னைத் தமிழ் பேச வைப்பது. அல்சூரில் பிறந்து வளர்ந்த பாட்டியின் தமிழில் கன்னடச் சொற்கள் தானாக வந்து விழும். திருநெல்வேலியிலிருந்து வந்து ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் பையனின் தமிழ் வேறு. வட ஆற்காட்டிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர் பேச்சு வேறு. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மூன்று நான்கு அடையாளச் சொல்லும் ஒரு வினைமுற்றுப் பழக்கமும் போதும். ஒவ்வொரு சொல்லையும் ஒலித்தபடி எழுதினால் படிப்பவர் எழுத்துக் கூட்ட வேண்டிவரும்.

அவன், அவர் குழப்பம்

தமிழில் வினைமுற்றே பார்வைக் கோணத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். மகனின் பார்வையில் நகரும் அத்தியாயத்தில் அப்பா ‘வந்தார்’. அதே மனிதரைக் காண்டிராக்டரின் கண் வழியே காட்டும்போது ‘வந்தான்’ ஆகலாம், அது கலை. ஒரே காட்சியில் காரணமில்லாமல் ‘வந்தார், உட்கார்ந்தான்’ என்று மாறினால் அது கவனக்குறைவு. ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் யாருடைய பார்வை, அவர் யாரை எப்படிக் குறிப்பிடுவார் என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொண்டு சரிபாருங்கள்.

ஊர் தெரியும் என்ற நம்பிக்கை

தினமும் பார்க்கும் ஊர் என்பதாலேயே காலப்பிழை வருகிறது. 2005-இல் நடக்கும் கதையில் காதலர்கள் அல்சூர் ஏரிப் பக்கம் திருவள்ளுவர் சிலையைப் பார்த்தபடி நின்றால் அது தவறு. 1991-லிருந்து பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்த அந்தச் சிலை 2009 ஆகஸ்ட் 9-ஆம் தேதிதான் திறக்கப்பட்டது. உண்மையில், மூடிய சிலையின் பக்கத்தில் அவர்கள் நிற்பது இன்னும் நல்ல காட்சி. சரியான தகவல் பல சமயம் கதைக்கு உதவியே செய்யும். நகரப் பேருந்துக் கழகமான பிஎம்டிசி 1997-இல்தான் தொடங்கியது, அதற்கு முன் நகரப் பேருந்துகளை பிடிஎஸ் என்றுதான் சொல்வார்கள். பையப்பனஹள்ளிக்கும் எம்.ஜி. ரோட்டுக்கும் இடையே மெட்ரோ ஓடத் தொடங்கியது 2011 அக்டோபர் 20-ஆம் தேதி.

வரைவு முடிந்ததும் ஒரு தாளில் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் அத்தியாயம், அடுத்து ஆண்டும் மாதமும், அதற்கடுத்து ஒவ்வொரு பாத்திரத்தின் வயது. பதினெட்டு வயதில் கல்யாணமான அம்மாவுக்கு நாற்பது வயதாகும்போது மகனுக்கு இருபத்தைந்து வயது என்பது போன்ற கணக்குப் பிழையெல்லாம் அதில்தான் சிக்கும்.

திருத்தத்தைத் தலைகீழாகச் செய்வது

முதலில் வல்லினம் மிகுமா மிகாதா என்று பார்த்துவிட்டு, பிறகு அந்தக் காட்சியையே நீக்குவது வீண் உழைப்பு. முதல் சுற்றில் அத்தியாய வரிசை, எந்தக் காட்சி தேவையில்லை என்பது மட்டும். இரண்டாவது சுற்றில் காட்சிகள். மூன்றாவதில் வாக்கியம், அப்போது வாய்விட்டுப் படியுங்கள். ‘என்று’, ‘ஒரு’, ‘மெல்ல’ போன்றவை எத்தனை முறை வருகின்றன என்று தேடிப் பாருங்கள். கடைசியில்தான் ன-ண, ர-ற, ல-ள-ழ, ஒற்று. முதல் வரைவுக்கும் முதல் சுற்றுக்கும் நடுவே ஒரு மாதமாவது இடைவெளி வேண்டும்.

படிக்கக் கொடுப்பதற்கு மூன்று பேர் போதும். அதில் ஒருவர் பெங்களூரையே பார்க்காதவராக இருப்பது நல்லது. ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்றுதான் பதில் வரும். எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள், எந்தப் பெயர் குழப்பியது, யாருடைய பேச்சு பொய்யாகப் பட்டது என்று கேளுங்கள்.

அனுப்பும்போது

ஒரே சிறுகதையை ஒரே நேரத்தில் நான்கு இதழ்களுக்கு அனுப்பாதீர்கள். முகநூலிலோ பிரதிலிபி போன்ற இணையக் கதைத் தளத்திலோ போட்டுவிட்ட கதையைப் ‘பிரசுரமாகாத படைப்பு’ கேட்கும் போட்டிக்கு அனுப்பினால் பெரும்பாலும் தகுதி இழக்கும்.

நாவலுக்குக் காலம் முக்கியம். தமிழ்ப் பதிப்பாளர்களில் பெரும்பாலோரின் ஆண்டு, சென்னைப் புத்தகக் காட்சி வரும் ஜனவரியை நோக்கியே ஓடுகிறது. நவம்பரில் கைப்பிரதி கொடுத்து ஜனவரியில் புத்தகம் கேட்டால் மெய்ப்புப் பார்க்க இரண்டு நாள்கூடக் கிடைக்காது. ஜூன், ஜூலையில் அனுப்புங்கள்.

ஒப்பந்தம் பார்க்காமல் கொடுப்பது

‘நம்ம ஆளுதானே’ என்று வாய்மொழியில் முடிப்பது இரு தரப்புக்கும் கெடுதல். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 19-ஆம் பிரிவின்படி உரிமையை எழுத்தில், கையெழுத்திட்டுத்தான் மாற்றித் தர முடியும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை, அது காலாவதியாகும்.

ராயல்டி அட்டை விலையிலா, விற்பனையாளர் கழிவு போக வரும் தொகையிலா என்பதைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். 250 ரூபாய்ப் புத்தகம் 300 பிரதி விற்றால், அட்டை விலையில் 10 சதவீதம் 7,500 ரூபாய். 40 சதவீதக் கழிவு போக என்றால் 4,500. மின்நூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பிரித்து எழுதுங்கள். பெங்களூர்க் கதைக்குக் கன்னட மொழிபெயர்ப்புக் கேட்டு யாராவது வர வாய்ப்பு உண்டு. ‘அனைத்து மொழி உரிமைகளும்’ என்ற ஒரு வரி அதைப் பதிப்பாளர் கைக்குக் கொடுத்துவிடும்.

சொந்தமாக வெளியிடுகிறவர்கள் புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்-னுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். டெல்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது, எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம். கிண்டிலில் போடும்போது கேடிபி செலக்ட் என்ற அமேசான் திட்டத்தில் சேர்த்தால் 90 நாளைக்கு அந்த மின்பிரதி வேறெங்கும் இருக்கக் கூடாது. தொடராக இணையத்தில் வந்த நாவலை நீக்காமல் அதில் சேர்ப்பது விதிமீறல்.

மெய்ப்பு

இன்னும் சில அச்சகங்களில் பக்க வடிவமைப்புக்கு யூனிகோடைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றுகிறார்கள். அந்த மாற்றத்தில் எதெது உடையும் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடியும். ‘ஸ்ரீ’ சிதறும், மேற்கோள் குறிகள் வேறு எழுத்தாகும். நம் தட்டச்சிலேயே ஒளிந்திருக்கும் பிழையும் உண்டு: துணைக்காலுக்குப் பதில் ‘ர’ அடித்திருப்போம், ‘ஔ’ என்பதை ‘ஒ’ போட்டு ‘ள’ சேர்த்து அடித்திருப்போம். கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும், மின்நூலில் தேடினால் கிடைக்காது.

முதல் மெய்ப்பைக் கைப்பிரதியோடு ஒப்பிட்டு வரி வரியாகப் பாருங்கள். இரண்டாவதில் நீங்கள் சொன்ன திருத்தங்கள் ஏறியிருக்கின்றனவா, ஏற்றும்போது புதுப் பிழை புகுந்ததா என்று மட்டும் பாருங்கள். வரி முதலில் புள்ளி வைத்த எழுத்து நிற்கிறதா என்பதையும் கவனியுங்கள், ‘க்’ என்று ஒரு வரி தொடங்கினால் அது வடிவமைப்புப் பிழை. இந்தக் கட்டத்தில் புதுப் பத்தி சேர்க்காதீர்கள். புத்தகம் 16 பக்க பாரங்களாக (ஒரே தாளில் சேர்த்து அச்சிட்டு மடிக்கும் பக்கக் கட்டு) அச்சாவது வழக்கம். 192 பக்கத்தில் பன்னிரண்டு பாரமாகக் கச்சிதமாக முடிந்தது 194 ஆனால் இன்னொரு பாரமோ அரைப் பாரமோ கூடும், விலையும் கூடும்.

அச்சுக்குப் போனதும் இறுதித் திருத்தம் ஏறிய கோப்பை யூனிகோட் வடிவில் பதிப்பாளரிடம் கேட்டு வாங்கி வையுங்கள். உங்கள் கணினியில் இருப்பது திருத்தத்துக்கு முந்தைய பிரதி. மறுபதிப்பு, மின்நூல், கன்னட மொழிபெயர்ப்பாளர் என்று யார் கேட்டாலும் அதை அனுப்பினால், மெய்ப்பில் களைந்த அத்தனை பிழையும் மறுபடி புத்தகத்துக்குள் வந்துவிடும்.