பழைய ராக் குழுவின் புது ஆல்பம்: விமர்சனங்களை எப்படிப் படிப்பது

நாற்பது ஐம்பது வருடமாக மேடையில் நிற்கும் ஒரு ராக் குழு புது ஆல்பம் போட்டால், பாட்டு நம் காதில் விழுவதற்கு முன்பே விமர்சனங்கள் வந்து குவிந்துவிடும். அவற்றில் பாதிக்கு மேல் ஆல்பத்தைப் பற்றியே இருக்காது. யார் பிரிந்து போனார்கள், யார் இறந்து போனார்கள், எழுபதுகளில் எப்படி ஆடினார்கள் என்றுதான் ஓடும். ஆல்பத்தை வாங்கலாமா என்று யோசிக்கிறவருக்கு வேண்டியது வேறு: என்ன சத்தம் வருகிறது, பாட்டு மனதில் நிற்கிறதா? அதை மட்டும் பிரித்தெடுக்க நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்.

இரண்டு கலர் பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு விமர்சனங்களைக் காகிதத்தில் அச்செடுங்கள். திரையில் படித்தால் கண் ஓடிவிடும், இந்த வேலை நடக்காது. காதால் கேட்டுச் சரிபார்க்கக்கூடிய வரிக்கு நீலக் கோடு. வயது, வரலாறு, பரிசு, பழைய பெருமை எல்லாவற்றுக்கும் சிவப்பு. முடித்துவிட்டுக் காகிதத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள். முதல் இரண்டு பத்தி முழுக்கச் சிவப்பாக இருக்கும், அது பரவாயில்லை. கடைசிவரை சிவப்பாகவே இருந்தால், எழுதியவர் ஆல்பத்தை ஒரு தடவைக்கு மேல் கேட்கவில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன்.

ரோலிங் ஸ்டோன்ஸ் குழு 2023 அக்டோபரில் வெளியிட்ட 'ஹாக்னி டயமண்ட்ஸ்' இதற்கு நல்ல பயிற்சி. 2005-க்குப் பிறகு அவர்கள் சொந்தமாக எழுதிய பாட்டுகளோடு வந்த முதல் ஆல்பம் அது. நடுவில் 2016-இல் வந்தது முழுக்கப் பழைய ப்ளூஸ் பாட்டுகள். பாடகர் மிக் ஜாகருக்கு அந்த வருடம்தான் 80 முடிந்திருந்தது. டிரம்ஸ் வாசித்த சார்லி வாட்ஸ் 2021-இல் காலமாகிவிட்டார். இவ்வளவு கதை இருந்தால் எந்த விமர்சகருக்குத்தான் கை சும்மா இருக்கும்?

அதனால் முதல் சோதனை: வயதை அடித்துவிட்டு வரியைப் படியுங்கள். 'எண்பது வயதில் இப்படி ஒரு குரலா' என்ற வரியில் 'எண்பது வயதில்' போய்விட்டால் மிச்சம் என்ன? பல நேரம் ஒன்றும் இருக்காது. குரல் எந்த இடத்தில் ஏறுகிறது, எந்தப் பாட்டில் பேச்சு மாதிரி வருகிறது என்று எழுதியிருந்தால் அது நீலம். அந்த ஆல்பத்தில் லேடி காகாவோடு சேர்ந்து பாடும் நீண்ட பாட்டு ஒன்று இருக்கிறது, ஸ்டீவி வொண்டர் பியானோவோடு. அது நடுவில் முடிந்த மாதிரி அடங்கி மறுபடி கிளம்பும். அந்த இடத்தைக் குறிப்பிட்டு எழுதியவர் கடைசிவரை கேட்டிருக்கிறார். விருந்தாளிகளின் பெயரை மட்டும் அடுக்கிவிட்டுப் போனவர் அட்டையைப் படித்திருக்கிறார், அவ்வளவுதான்.

சார்லி வாட்ஸ் விஷயமும் அப்படித்தான். அந்த ஆல்பத்தில் இரண்டே பாட்டில் அவர் வாசித்தது இருக்கிறது, மற்றவற்றில் பெரும்பாலும் ஸ்டீவ் ஜோர்டன். இதைச் சொல்லி உருகாத விமர்சனமே இல்லை. ஆனால் வித்தியாசம் என்ன என்று சொன்னவர்கள் குறைவு. வாட்ஸுக்கு ஒரு பழக்கம் உண்டு: ஸ்னேர் (கணீரென்று கேட்கும் சின்ன டிரம்) அடிக்கும் அந்தக் கணத்தில் ஹை-ஹாட் (ஜோடியாக இருக்கும் உலோகத் தட்டு) மேலிருந்து கையைத் தூக்கிவிடுவார், அந்த அடியில் ஹை-ஹாட் சத்தமே வராது. ஹை-ஹாட் அடிகளின் வரிசையில் ஒரு சின்ன ஓட்டை விழும், பாட்டு அங்கே மூச்சு வாங்கும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த இரண்டு பாட்டையும், பிறகு ஜோர்டன் வாசித்த ஒரு பாட்டையும் அடுத்தடுத்து கேளுங்கள். இதைக் காதில் வாங்கி எழுதிய விமர்சகர் கிடைத்தால் அவர் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆல்பத்துக்கும் அவர் உதவுவார்.

சரி, இரண்டாவது விஷயம். பழைய குழுக்களுக்கென்றே ஒரு அச்சு வாக்கியம் இருக்கிறது: 'இன்ன ஆல்பத்துக்குப் பிறகு வந்ததில் இதுதான் சிறந்தது.' ஸ்டோன்ஸுக்கு அந்த இடத்தில் பெரும்பாலும் 1978-இன் 'சம் கேர்ள்ஸ்', இல்லையென்றால் 1981-இன் 'டாட்டூ யூ' வரும். 'ஹாக்னி டயமண்ட்ஸ்' வந்தபோதும் இதே பேச்சுதான். அந்த வாக்கியம் புது ஆல்பத்தைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. நடுவில் வந்ததெல்லாம் சுமார் என்பதைத்தான் சொல்கிறது. 1994-இல் வந்த 'வூடூ லவுஞ்ச்' கிராமி விருதே வாங்கியது, ஆனால் அதை அளவுகோலாக வைத்து யாரும் பேசி நான் படித்ததில்லை. வேடிக்கை என்னவென்றால், அளவுகோலான 'டாட்டூ யூ' பெருமளவு மிச்சம் மீதியில் செய்தது. எழுபதுகளில் பதிவு செய்து ஒதுக்கி வைத்திருந்த நாடாக்களைத் தேடியெடுத்து, மேலே புதிதாகக் குரல் சேர்த்துத் தயாரித்தார்கள். ஆக, 1981-இன் தரம் என்று சொல்வதில் பாதி 1970-களின் தரம். இந்த வாக்கியம் எங்கே வந்தாலும் சிவப்பு போட்டுவிட்டு நகருங்கள்.

மூன்றாவது, எழுதியது யார், எங்கே என்று பார்ப்பது. இதில் நீங்கள் துப்பறிய வேண்டியதில்லை, கொஞ்சம் கவனம் போதும். 2001-இல் மிக் ஜாகர் தனியாக ஒரு ஆல்பம் போட்டார். 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை (குழுவின் பத்திரிகை அல்ல) அதற்கு ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. விமர்சனம் எழுதியவர் அந்தப் பத்திரிகையை நிறுவிய ஜான் வென்னர், ஜாகரின் நெடுநாள் நண்பர். அதே பத்திரிகை 2014-இல் யூ2 குழுவின் 'சாங்ஸ் ஆஃப் இன்னசன்ஸ்' ஆல்பத்துக்கும் ஐந்து கொடுத்து, அந்த வருடத்தின் முதல் இடத்திலும் உட்கார வைத்தது. மற்ற இடங்களில் அவ்வளவு உற்சாகம் இல்லை. கேட்காமலே கோடிக்கணக்கானவர்களின் ஐடியூன்ஸ் கணக்கில் அந்த ஆல்பம் வந்து விழுந்த கோபம் பல விமர்சனங்களில் கலந்திருந்தது. இரண்டு பக்கமும் பாட்டைத் தாண்டிய விஷயம்தான் பேசியது. கோபத்துக்கும் சிவப்பு போட மறக்காதீர்கள்.

அப்புறம் தயாரிப்பாளர் பெயர், அதாவது ஒலிப்பதிவை வழிநடத்துகிறவர். ஆல்பத்தின் சத்தம் எப்படி இருக்கும் என்பதை விமர்சனத்தைவிட இந்தப் பெயர் சீக்கிரம் சொல்லிவிடும். ரிக் ரூபின் என்றால், பழைய காலத்துக்குத் திரும்பிப் போகச் சொல்வார் என்று வைத்துக்கொள்ளலாம். 2008-இல் மெட்டாலிகா குழுவுக்கு 'டெத் மேக்னடிக்' செய்தபோது எண்பதுகளின் மனநிலைக்குப் போகச் சொன்னார். 2013-இல் பிளாக் சபாத் குழுவுக்கு '13' செய்தபோது அவர்களுடைய 1970 முதல் ஆல்பத்தைப் போட்டுக் காட்டினார். பிறகு விமர்சகர்கள் 'வேருக்குத் திரும்பிவிட்டார்கள்' என்று எழுதினால் அதில் கண்டுபிடிப்பு என்ன இருக்கிறது? 'ஹாக்னி டயமண்ட்ஸ்' செய்தவர் ஆண்ட்ரூ வாட், ஆஸி ஆஸ்போர்னுக்கும் ஆல்பம் செய்தவர். எல்லாம் முன்னால் வந்து பளபளவென்று நிற்கும் சத்தம் அவருடையது. அது உங்களுக்கு ஒத்துவராது என்றால் எத்தனை நட்சத்திரம் போட்டாலும் ஒத்துவராது.

'டெத் மேக்னடிக்' பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் விமர்சகர் காது எங்கே தவறவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. வந்தவுடன் பெரும்பாலும் வரவேற்புதான்: கிட்டார் சோலோ திரும்பி வந்துவிட்டது, வேகம் திரும்பி வந்துவிட்டது. ஆனால் ரசிகர்கள் வேறொன்றைக் கவனித்தார்கள். குறுந்தட்டில் சத்தத்தை அளவுக்கு மீறி ஏற்றியிருந்ததால் டிரம்ஸ் அடி உடைந்து கரகரத்தது. அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' விளையாட்டில் அப்படி நசுங்காமல் சுத்தமாகக் கேட்டன. மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்யும் வேலை) செய்த டெட் ஜென்சனோ, தன் கைக்கு வரும்போதே அப்படித்தான் இருந்தது என்றார். ஆயிரக்கணக்கான ரசிகர்கள் மறுபடி கலவை செய்யச் சொல்லி மனுவில் கையெழுத்திட்டார்கள்.

இதை நீங்களே சோதிக்கலாம். ஒலியளவைக் குறைவாக வைத்து, பாஸ் டிரம்மும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) கிட்டாரும் சேர்ந்து விழும் இடத்தைக் கேளுங்கள். அடிக்குப் பின்னால் காகிதம் கிழிகிற மாதிரி ஒன்று வந்தால் அதுதான். எந்தப் புது ஆல்பத்துக்கும் முதல் வாரம் வந்த விமர்சனத்தோடு நிறுத்தாமல், ஒரு மாதம் கழித்து ரசிகர்கள் சத்தத்தைப் பற்றி என்ன புலம்புகிறார்கள் என்றும் பாருங்கள். பாட்டு பற்றிய அவர்கள் தீர்ப்பில் பாசம் கலந்திருக்கும். சத்தம் பற்றிய புகாரில் பெரும்பாலும் உண்மை இருக்கும்.

மொத்த மதிப்பெண் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மெட்டாக்ரிட்டிக் போன்ற இணையதளங்கள் நட்சத்திரத்தையும் ஏ, பி என்ற எழுத்துத் தரத்தையும் நூற்றுக்கு மாற்றிச் சராசரி எடுக்கின்றன. மதிப்பெண்ணே போடாத விமர்சனத்துக்கு அவர்களே ஒன்றை முடிவு செய்துகொள்கிறார்கள். சராசரியை விட்டுவிட்டு உச்சத்தையும் அடியையும் பாருங்கள். மெட்டாலிகாவின் 2003 ஆல்பம் 'செயின்ட் ஆங்கர்' பிட்ச்ஃபோர்க் என்ற இசை இணையதளத்தில் பத்துக்கு 0.8 வாங்கியது, வேறு பத்திரிகைகள் நல்ல மார்க்கே போட்டன. இப்படி இரண்டு துருவமாக இருந்தால் ஆல்பத்தில் ஏதோ ஒரு பிடிவாதமான முடிவு இருக்கிறது என்று அர்த்தம். இங்கே அது ஸ்னேர்: அடியில் இருக்கும் கம்பிச் சுருளைத் தளர்த்திவிட்டு டிரம்மர் லார்ஸ் உல்ரிக் வாசித்ததால் ஒவ்வொரு அடியும் டங் டங்கென்று நீண்டு ஒலிக்கும். ஒரு நிமிடம் கேட்டாலே நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். எல்லோரும் அறுபத்தைந்துக்கும் எழுபதுக்கும் நடுவில் நின்றால், அந்த ஆல்பத்தை யாரும் திரும்பக் கேட்கப் போவதில்லை.

அவசரம் இல்லையென்றால் காத்திருங்கள். 1972-இல் ஸ்டோன்ஸின் 'எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்' வந்தபோது விமர்சகர்கள் தயங்கித் தயங்கித்தான் பேசினார்கள், இப்போது அதைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். 1997-இல் ஒயாசிஸ் குழுவின் 'பி ஹியர் நவ்' நேர்மாறு: ஓஹோ என்று புகழ்ந்துவிட்டு, கொஞ்ச நாளில் கை கழுவிவிட்டார்கள். முதல் நாள் விமர்சனத்துக்கு நான் பாதி விலைதான் கொடுப்பேன்.

எல்லாம் படிக்க நேரமில்லை என்கிறவர்களுக்கு: இருப்பதிலேயே கடுமையான விமர்சனத்தை மட்டும் எடுத்துப் படியுங்கள். புகழ்கிறவர் பொதுவாகப் பேசிவிட்டுத் தப்பித்துவிடலாம். திட்டுகிறவர் எதைத் திட்டுகிறேன் என்று சொல்லியாக வேண்டும், அதனால் அங்கே நீலக் கோடு அதிகம் விழும். அவர் குறை என்று சொல்வது உங்களுக்குக் குறையா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஏசி/டிசி குழுவினர் 2020-இல் 'பவர் அப்' வெளியிட்டார்கள், அவர்களுடைய கிட்டார் கலைஞர் மால்கம் யங் மறைந்து மூன்று வருடம் கழித்து. புதிதாக ஒன்றுமே இல்லை, கிட்டாரில் அதே மூன்று கார்டு (சுரக் கூட்டு), அதே தாளம் என்று ஒருவர் அலுத்துக்கொண்டு எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு அன்றே வாங்கினேன்.