கத்தி துருப்பிடிக்குமா? வீட்டிலேயே ஒரு உப்புத்தண்ணீர் சோதனை

கத்தி வாங்கும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது குரோமியம் எத்தனை சதவீதம் என்றுதான். அந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள். டி2 என்ற கருவி எஃகில் சுமார் 12 சதவீதம் குரோமியம் இருக்கிறது, ஆனால் ஈரத்தோடு போட்டுவிட்டால் புள்ளிபுள்ளியாகத் துரு வந்து நிற்கும். உலோகவியலாளர் லாரின் தாமஸ் உருவாக்கி 2021-இல் வெளிவந்த மேக்னாகட் என்ற கத்தி எஃகில் 10.7 சதவீதம்தான், அது துரு விஷயத்தில் டி2-வைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். டி2-இல் 1.5 சதவீதம் அளவுக்கு இருக்கும் கார்பன், குரோமியத்தில் கணிசமான பங்கை இழுத்துக் கார்பைடு என்ற கடினமான துகளாக்கி வைத்துக்கொள்கிறது. துருவைத் தடுக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்துக்கு, இரும்பில் கரைந்திருக்கும் குரோமியம்தான் உதவும். மேக்னாகட்டில் வனேடியமும் நியோபியமும் கார்பனைப் பிடித்துக்கொள்வதால் குரோமியம் தப்பிக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம்.

தேவையானவை: சமையல் உப்பு, பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர், ஸ்ப்ரே பாட்டில், அசிட்டோன், 400 கிரிட் உப்புத்தாள், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சாதாரண இரும்புக் கத்தி. அசிட்டோனுக்குப் பதில் நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம், அதில் பெரும்பாலும் எண்ணெய்ப் பசை சேர்த்திருப்பார்கள்.

படி 1: அலகைத் தயார்செய்தல்

சோதனை கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் அவசரப்படாதீர்கள். இரும்பு நாரால் தேய்த்த கத்தியில் நார்த்துகள் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும், உப்புத்தண்ணீர் பட்டதும் துருப்பிடிப்பது அந்தத் துகள், பழி விழுவது கத்தியின் மேல். தேய்த்த திசையிலேயே கோடுகோடாக ஆரஞ்சு நிறம் வந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்த்துப் பாருங்கள், அடியில் குழியே இல்லாமல் பளிச்சென்று வந்துவிட்டால் அது வெளியிலிருந்து வந்த இரும்பு. உப்புத்தாளும் இதே வேலையைச் செய்யும்: இரும்புக் கத்தியைத் தேய்த்த தாளால் ஸ்டெயின்லெஸ் கத்தியைத் தொடவே கூடாது, ஒவ்வொன்றுக்கும் புதுத் தாள். எல்லாக் கத்தியையும் ஒரே கிரிட்டில், ஒரே திசையில் தேயுங்கள், ஏனென்றால் சொரசொரப்பான பரப்பில் உப்பு தங்கிச் சீக்கிரம் துரு வரும், பாலிஷ் போட்ட பரப்பு தாங்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒப்பீடே தப்பு.

தேய்த்து முடித்ததும் ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்து, ஸ்டெயின்லெஸ் அலகை மட்டும் அரை மணி நேரம் மூழ்கவைத்துக் கழுவினால் ஒட்டிய இரும்பு போய்விடும். மரப்பிடி நனையக் கூடாது. சாதா இரும்புக் கத்தியை இதில் போடாதீர்கள், கறுத்துவிடும். கடைசியாக அசிட்டோனால் துடைத்துவிட்டு, அதன்பின் அலகில் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: கரைசல்

ஒரு லிட்டருக்கு 10 கிராம் உப்பு. கடல்நீர் அளவுக்குப் போக வேண்டுமென்றால் 35 கிராம், ஆனால் 1 சதவீதத்தில் தொடங்குங்கள்.

படி 3: தெளித்தல்

படுக்கவைத்துத் தெளித்து, காயக் காய மறுபடி தெளித்து, ஒரு நாள் முழுக்க விடுங்கள். பக்கத்தில் இருக்கும் இரும்புக் கத்தி முதலில் பழுப்பாகும், சோதனை வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

படி 4: பார்த்தல்

துடைத்தால் போகும் கறை வேறு, குழி வேறு. உப்பிலுள்ள குளோரைடு, ஆக்சைடு படலத்தை ஓரிடத்தில் உடைத்து உள்ளே இறங்கினால் ஊசி குத்தியதுபோல் குழி விழும், பூதக்கண்ணாடியில் அடி கறுப்பாகத் தெரியும். வெட்டும் முனையை விட்டுவிடாதீர்கள், அங்கே உலோகம் அவ்வளவு மெல்லியது என்பதால் கண்ணுக்குத் தெரியாத துருவே கூர்மையை மழுக்கிவிடும்.

எதை வாங்கலாம்? மீன், உப்பு, எலுமிச்சை என்று ஈரத்திலேயே புழங்குகிறவர்கள் எல்சி200என் வாங்குங்கள், கார்பனில் ஒரு பகுதிக்குப் பதில் நைட்ரஜன் சேர்த்த எஃகு அது, துருப்பிடிப்பது மிக அரிது. கூர் மட்டும் எஸ்30வி என்ற கத்தி எஃகு அளவுக்கு நிற்காது. வீட்டுச் சமையலுக்கு என் ஓட்டு ஜெர்மன் கத்திகளில் வரும் 1.4116 என்ற எஃகுக்குத்தான். கூர் சீக்கிரம் போகும், ஆனால் சாணைக்கல்லில் நாலு இழு இழுத்தால் திரும்பிவிடும். விலை உயர்ந்த பவுடர் எஃகை (உலோகப் பொடியிலிருந்து செய்தது) வாங்கிவிட்டுச் சாணை பிடிக்கத் தெரியாமல் வைத்திருப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை.

காந்தம் ஒட்டினால் ஸ்டெயின்லெஸ் இல்லை என்று சொல்வதையும் விட்டுவிடுங்கள். 304 எவர்சில்வர் பாத்திரத்தில் காந்தம் பெரிதாக ஒட்டாது, அந்த எஃகைக் கத்திக்கு வேண்டிய அளவு கடினமாக்கவும் முடியாது. கடினப்படுத்திய கத்தி எஃகில் நன்றாகவே ஒட்டும்.

பின்சேர்க்கை: பக்கவாட்டு பளபளக்கிறது, முனை மட்டும் பழுப்பாகிறது என்று கருத்துப் பெட்டியில் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஜப்பானியக் கத்தி என்றால் பெரும்பாலும் அது ஸ்டெயின்லெஸ் உறைக்குள் கார்பன் எஃகு வைத்தது. முனையில் வெளியே தெரிவது அந்தக் கார்பன் எஃகுதான், கத்தி போலியில்லை. உபயோகித்ததும் துடைத்து வையுங்கள், சோதனையெல்லாம் வேண்டாம்.

இன்னொருவர் ஒரே எஃகில் இரண்டு கத்தி வாங்கி, ஒன்று மட்டும் துருப்பிடித்தது என்கிறார். பரப்பு ஒன்றுபோல இருந்தும் அப்படியென்றால் வெப்பப் பதத்தைச் சந்தேகிக்கலாம். கடினப்படுத்தியபின் 200 டிகிரி செல்சியஸ் பக்கம் மறுபடி சூடாக்கிப் பதப்படுத்தினால் குரோமியம் கரைந்தபடியே இருக்கும். 500 டிகிரி பக்கம் போனால் நுண்ணிய கார்பைடாகப் பிரிந்து துரு எதிர்ப்பு குறையும். பெட்டியில் இதையெல்லாம் அச்சிடுவதில்லை, தயாரிப்பாளரிடம் எழுதிக் கேளுங்கள்.