பரீட்சைக்குப் படிக்கறவங்க எப்படி தூங்கணும்

மார்ச் மாசம் வந்தா கேரளாவுல நம்ம பாலக்காட்டு ஜில்லாவுல கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வாளையார் பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு "தூங்காத, படி"ங்கற சத்தம்தான். எஸ்எஸ்எல்சி, ப்ளஸ் டூ பசங்க ஒருபக்கம், பகல்ல வேலைக்குப் போய்ட்டு ராத்திரி அரசு வேலைக்கான பிஎஸ்சி பரீட்சைக்குப் படிக்கற ராங்க் ஃபைல் புக்க தூக்கிட்டு உக்கார்ற அண்ணன் அக்காங்க ஒருபக்கம், எல்லாரும் மொதல்ல கை வைக்கறது தூக்கத்துலதான். காலைல ட்யூஷனுக்கு கண்ணு செவந்து வந்து உக்கார்ற பசங்கள பாத்தா எனக்கு மனசு கேக்கவே மாட்டேங்குது, ஏன்னா தூங்கறப்பதான் படிச்சது உள்ள போய் நிக்குது, அத வெட்டிட்டு படிச்சா பாதி உழைப்பு வீண்.

பகல்ல படிக்கறதெல்லாம் மொதல்ல மூளைக்குள்ள ஹிப்போகேம்பஸ்ங்கற எடத்துல தங்குது, திண்ணைல இறக்கி வெச்ச நெல்லு மூட்டை மாதிரி. ஆழ்ந்து தூங்கறப்பதான் அது கொஞ்சம் கொஞ்சமா மூளையோட மேல் அடுக்கான கார்டெக்ஸுக்குப் போய் நிரந்தரமா சேருது. 1994ல வில்சன், மெக்நாட்டன்னு ரெண்டு பேரு எலிகள வெச்சு இத பாத்தாங்க, எலி ஓடறப்ப எந்த செல்லெல்லாம் ஒண்ணா வேலை செஞ்சுதோ அதே செல்லுங்க அப்புறம் அது தூங்கறப்பவும் ஒண்ணா வேலை செஞ்சுது. அதாவது மூளை தானே ரிவிஷன் பண்ணுது, நாம பண்ண வேண்டியது அதுக்கு நேரம் குடுக்கறது மட்டும்தான்.

சரி எப்படி செய்யணும்னு கேட்டா, ரெண்டு தடவ படிக்கறதுக்கு நடுவுல ஒரு தூக்கம் வர்ற மாதிரி டைம்டேபிள போடுங்க, எல்லாத்தையும்விட முக்கியம் இதுதான். பிரான்ஸ்ல இத செஞ்சு பாத்து 2016ல எழுதினாங்க, ஸ்வாஹிலி மொழி வார்த்தைங்கள சாயங்காலம் படிச்சு தூங்கி எந்திரிச்சு காலைல திருப்பி படிச்சவங்களுக்கு, காலைல படிச்சு அன்னிக்கு சாயங்காலமே திருப்பினவங்களவிட ரொம்ப கம்மி தடவயே போதுமா இருந்துது, மாசக்கணக்குல கழிச்சு கேட்டப்பவும் இவங்களுக்குதான் ஜாஸ்தி ஞாபகம். நம்ம தமிழ் மீடியம் பசங்க மலையாள வார்த்தைங்க படிக்கறதுக்கு இது அப்படியே பொருந்தும். ராத்திரி சாப்ட்டதும் ஒரு இருபது வார்த்தை எழுதி படிங்க, மூடி வெச்சுட்டு படுங்க, ஃபோன எடுக்காதீங்க, காலைல பல்லு தேச்சதும் நோட்ட பாக்காம சொல்லிப் பாருங்க, வராதத மட்டும் திருப்பி படிங்க. வேதியியல் சமன்பாடு, பிஎஸ்சிக்கு வர்ற வருஷம் தேதி எல்லாத்துக்கும் இதே வழிதான். ஆனா ஆடியோவ ஓட விட்டுட்டு தூங்கினா பாடம் ஏறிடும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, முழிச்சிருந்து படிச்சதுதான் தூக்கத்துல உறுதியாகும்.

அடுத்தது இந்த நாலு மணி விஷயம். "நாலு மணிக்கு எந்திரிச்சு படி"ன்னு நம்ம வீடுகள்ல பரம்பரையா சொல்றாங்க, தப்பில்ல, ஆனா அப்படி சொன்ன தாத்தா காலத்துல எட்டு மணிக்கே வெளக்க அணைச்சுட்டு படுத்தாங்க, இப்ப பதினொன்றரைக்கு படுத்துட்டு நாலுக்கு எந்திரிக்க சொன்னா புள்ள என்ன பண்ணும்? ஆழ்ந்த தூக்கம் ராத்திரி மொத பாதிலதான் ஜாஸ்தி, கனவு வர்ற ஆர்இஎம் தூக்கம் விடியகாலைலதான் ஜாஸ்தி, ரெண்டுமே வேணும். பதிமூணுலேந்து பதினெட்டு வயசு பசங்களுக்கு 8லேந்து 10 மணி நேரம் வேணும்னு தூக்க மருத்துவருங்க சொல்றாங்க, பெரியவங்களுக்கு 7ஆச்சும். நாலரைக்கு எழுப்பணும்னா எட்டரைக்கு படுக்க விடுங்க, அந்த நேரத்துல டிவி சத்தத்தையும் கொறச்சுக்கோங்க.

மத்தியானத் தூக்கத்த சோம்பேறித்தனம்னு திட்ட வேண்டாம். பாலக்காட்டு வெயில் நாப்பத தொடற சமயத்துல ரெண்டு மணிக்கு புக்க வெச்சுட்டு கொட்டாவி விட்டுட்டே உக்காந்திருக்கறதவிட இருபது நிமிஷம் தூங்கறது எவ்வளவோ மேல். சாப்ட்டு முடிச்சு ஒன்றரை ரெண்டுக்கு ஃபேன் கீழ பாய விரிச்சு இருபத்தஞ்சு நிமிஷத்துக்கு அலாரம் வெச்சுக்கோங்க. லீவு நாள்ல நேரம் இருந்தா ஒன்றர மணி நேரம் முழுசா தூங்கலாம், தூக்கத்தோட ஒரு முழு சுத்து முடிஞ்சு எந்திரிப்பீங்க. நடுவுல முக்கா மணி நேரத்துல எழுப்பினா ஆழ்ந்த தூக்கத்துல மாட்டிக்கிட்டு தல கனமா மந்தமா இருக்கும், கொஞ்ச நேரத்துக்கு ஒண்ணும் மண்டைல ஏறாது. மூணு மணிக்கு மேல வேண்டாம், ராத்திரி தூக்கம் கெடும். ராத்திரி ஏற்கனவே தூக்கம் வராம கஷ்டப்படறவங்க மத்தியானம் படுக்காம இருக்கறதே நல்லது.

கட்டஞ்சாயா, அதாவது பால் ஊத்தாத டீ, குடிச்சுட்டு முழிக்கறவங்க கவனிங்க, தூக்கத்த வெரட்டறது அதுல இருக்கற காஃபின்தான், அது ஒடம்புல பாதியா கொறைய பொதுவா அஞ்சு மணி நேரம் போல ஆகும், ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். சாயங்காலம் ஆறு மணிக்கு குடிச்சது பதினொன்னுக்கும் பாதி ஒடம்புலயே இருக்கும், அதனால மத்தியானத்தோட நிறுத்திக்கோங்க.

பரீட்சைக்கு மொத நாள் ராத்திரி முழுசா முழிக்கறது மட்டும் வேண்டவே வேண்டாம். 2007ல அமெரிக்காவுல ஒரு ராத்திரி தூங்காதவங்களுக்கு அடுத்த நாள் புதுசா படங்கள காட்டி பாத்தாங்க, தூங்கினவங்கள விட ரொம்ப கம்மியா ஞாபகம் வெச்சாங்க, ஹிப்போகேம்பஸ் வேலை செய்யறதும் கொறஞ்சு இருந்துது. விடியற வரைக்கும் படிச்சதும் நிக்காது, ஹால்ல கேள்விய படிச்சு புரிஞ்சுக்கற தெம்பும் இருக்காது. அன்னிக்கு புது பாடம் எதுவும் தொறக்காதீங்க, படிச்சதயே சாயங்காலம் ஒரு தடவ சொல்லிப் பாத்துட்டு, ஹால் டிக்கெட், பேனா, பஸ் காசு எல்லாம் பைல எடுத்து வெச்சுட்டு ஒன்பதரைக்கு படுத்துருங்க. பயத்துல தூக்கம் வரலன்னா பொரண்டுட்டே கெடக்காம எந்திரிச்சு கொஞ்ச நேரம் இருட்டுல காத்தாட வெளிய உக்காந்துட்டு, கண்ணு சொக்கறப்ப வந்து படுங்க.